அப்பாவுக்கு வைத்த சிகரெட்

கதவைச் சாத்திக் கொண்டியை மாட்டிய பிறகுதான் தணிகாசலத்துக்குச் சட்டை நினைவு வந்தது. சட்டை உள்ளே ஆணியில் தொங்குகிறது. சட்டைப் பையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த நிக்கோட்டின் சூயிங்கம் இருக்கிறது, போன் இருக்கிறது, போனுக்குள் சிகரெட்டை விட உதவுகிற மெர்சி மேடத்தின் நம்பர் இருக்கிறது. எல்லாம் உள்ளே. அவன் மட்டும் வெளியே, நடையில், இடுப்பில் ஈர வேட்டியும் வெற்று மார்புமாக, நாக்கில் அந்த ருசியோடு. இனிமேல் திறக்கவும் முடியாது. அப்பாவுக்கு வருஷப் படையல். இலை போட்டு, எல்லாம் வைத்து, கற்பூரம் காட்டிக் கதவைச் சாத்திவிட்டால், போனவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற வரைக்கும் யாரும் உள்ளே தலையைக் காட்டக் கூடாது, வெளியே நிற்கிறவர்கள் பேசவும் கூடாது. அப்புறம் மூத்த பிள்ளை மூன்று தரம் கையைத் தட்டிவிட்டு முதல் ஆளாக உள்ளே போக வேண்டும். மூத்த பிள்ளையும் அவன்தான், கடைசிப் பிள்ளையும் அவன்தான். அயனாவரத்துச் சந்துக்குள் வெயில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. கதவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா கோவிந்தம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெண்டாட்டி மஞ்சுளா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். மகள் கலைமதி சுவரில் சாய்ந்துகொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இலையில் கறிக்குழம்பு, வஞ்சிரம் வறுவல், அவித்த முட்டை, மசால்வடை. இலைக்கு முன்னால் ஒரு தம்ளர் தண்ணீர். தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தின் விளிம்பில் அப்பாவின் சிகரெட் புகைந்துகொண்டிருக்கும். அதைப் பத்தவைத்தது தணிகாசலத்தின் வாய். ஒரு இழுப்பு. இரண்டு வாரத்துக்கு மேலாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது, ஒரு இழுப்பில் போயிற்றா இல்லையா, அதுதான் இப்போது தெரியவில்லை.

ஒரு இழுப்பெல்லாம் ஒரு கணக்கா? உள்ளே விடவில்லையே, வாய் வரைக்கும்தானே வந்தது, கன்னத்திலேயே நிறுத்தி அப்படியே வெளியே ஊதியாயிற்றே. பொய். யாரிடம் பொய் சொல்கிறோம்? கொஞ்சம் உள்ளே போனது. போனது அவனுக்கு நன்றாகத் தெரியும். நாளெல்லாம் தாகத்தில் கிடந்தவன் தொண்டையில் தண்ணீர் இறங்குகிற மாதிரி இறங்கியது, தலை லேசாகக் கிறுகிறுத்தது, கண்ணில் நீர் தட்டியது. அழுகிறான் என்று நினைத்து மஞ்சுளா தோளைத் தொட்டாள். பெண்டாட்டி ஆதரவாகத் தோளைத் தொட்டு எவ்வளவு காலமாயிற்று, அது இதற்கா கிடைக்க வேண்டும். ஆனால் அவன் ஒன்றும் ஆசைப்பட்டு இழுக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும் அல்லவா. முதலில் ஊதுவத்தியை வைத்துத்தான் பத்தவைக்கப் பார்த்தான். நுனி கறுத்ததே தவிரப் பிடிக்கவில்லை. தீக்குச்சியைக் காட்டினான், காகிதம் மட்டும் எரிந்து அணைந்தது. அம்மாவுக்குக் கண் மங்கல் என்று பெயர்தான், இதெல்லாம் மட்டும் துல்லியமாகத் தெரியும். "இழுத்துப் பத்த வைடா. சும்மா காட்டினா கருகித்தான் போவும். போன வருஷமெல்லாம் நல்லாத்தானே வெச்சே" என்றாள். போன வருஷம் வைத்தேன், போன வருஷம் நான் வேறு ஆள் அம்மா என்று சொல்லாமல் சிகரெட்டை உதட்டில் வைத்தான். படைக்கிறவன் விரதம் என்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை. விடிந்ததும் நெஞ்சு பரபரக்க, சூயிங்கம் ஒன்றைப் பிரித்து வாயில் போடப் போனவனை அதே அம்மாதான் தடுத்தாள். "இலை போடுறவரைக்கும் வாயில எதையும் போடாதே." ஆக, சூயிங்கம் மென்றால் விரதம் கெட்டுவிடும், சிகரெட்டை உதட்டில் வைத்து இழுத்தால் கெடாது. இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது. வேறு யாராவது பத்தவைக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். யார்? அம்மாவா, மஞ்சுளாவா? வீட்டில் அந்த வேலை தெரிந்த வாய் அவனுடையது ஒன்றுதான். அப்படி யோசித்துக்கொண்டே வந்தவன் மனசு எங்கேயோ தடுக்கி நின்றது. எங்கே என்று பார்க்கப் பயமாக இருந்தது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

சாயங்காலம் மெர்சி மேடம் கூப்பிடுவார். "எப்படி சார் இருக்கீங்க, தாக்குப் பிடிக்கிறீங்களா?" என்று கேட்பார். ஆளை இதுவரை பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். தணிகாசலம் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நின்றுபோனால்தான் அவனைக் கூப்பிடுவார்கள், அதனால் ஊரில் இருக்கிற உயரமான கட்டடமெல்லாம் அவனுக்கு மாடிப்படிதான். போன மாசம் ஒரு கட்டடத்தில் பாதி மாடியில் மூச்சு நின்றுவிட்டது. வாங்கவில்லை, நின்றே விட்டது, யாரோ நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி. டூல் பையைப் போட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தான். காய்கறிப் பையோடு ஏறி வந்த ஒரு வயசான அம்மா, அவனைவிட எத்தனையோ வயது மூத்தவள், "தண்ணி கொண்டாரட்டாப்பா?" என்று கேட்டுவிட்டு அவனைத் தாண்டி ஏறிப் போனாள். தாண்டி ஏறிப் போனாள். எப்படியோ மொட்டை மாடிக்குப் போய், மோட்டார் ரூமில் நுழைந்ததும் முதல் காரியமாக என்ன செய்தான்? சிகரெட் பெட்டியை எடுத்தான். மானம் கெட்ட கை. பெட்டியில் அழுகிப்போன வாயின் படம், படத்துக்குப் பக்கத்தில் ஒரு போன் நம்பர். வருஷக்கணக்காக அந்த நம்பர் அங்கேதான் இருந்திருக்கிறது, அவன் கட்டைவிரல் அதை மறைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அன்றைக்கு ஏதோ தோன்றி அழுத்தினான். அப்பா மாதிரிச் சாகப் போகிறோம் என்று தோன்றியதுதான், வேறென்ன. எடுத்த மெர்சி மேடம் திட்டவில்லை, உபதேசம் பண்ணவில்லை. எப்போதெல்லாம் பிடிக்கத் தோன்றுகிறது என்று கேட்டார். டீ குடித்தால், கக்கூஸ் போனால், ஒரு வேலை முடிந்தால், முடியாவிட்டால், கோபம் வந்தால், சும்மா இருந்தால். சொல்லச் சொல்ல, பிடிக்காத நேரம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. "பரவால்ல சார். தோணும்போது கொஞ்சம் தள்ளிப் போடுங்க. ஏறும், அப்புறம் அதுவே இறங்கிடும்" என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஓர் அறை இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றும் அவர்தான் சொன்னார். மனநோய்ப் பிரிவுக்குப் பக்கத்து அறை. தெரிந்தவன் எவனாவது பார்த்துவிடப் போகிறான் என்று தலையைக் குனிந்துகொண்டு போனான். அங்கே ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள், மிஷினைப் பார்த்த டாக்டர் முகத்தை வைத்துக்கொண்ட விதத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. சூயிங்கம் கொடுத்து, மெதுவாக மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கிவைக்கச் சொன்னார்கள்.

எல்லாவற்றையும் கேட்டார் மெர்சி மேடம், ஒன்றையும் விடவில்லை. "வீட்ல ஏதாவது விசேஷம் வருதா சார்? அந்த மாதிரி நாள்லதான் நிறைய பேர் சறுக்குறாங்க. முன்னாடியே பேசி வெச்சுக்கலாம்." கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லை மேடம் என்று இவன் பெருமையாகச் சொன்னான். படையல் அப்போதே கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் செத்தவருக்குச் செய்வதை யார் விசேஷத்தில் சேர்ப்பார்கள்? நல்லதுக்குத்தான் அந்தப் பேர். அந்தம்மாவும் சரி என்று விட்டுவிட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதற்கும் ஒரு வழி சொல்லியிருப்பார், இழுக்காமல் பத்தவைக்க எவனோ ஒருத்தன் ஏதாவது கண்டுபிடித்திருப்பான். இப்போது யோசித்து என்ன. அடுத்து, வீட்டில் துணைக்கு யாரை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். மஞ்சுளா பேர்தான் வாயில் வந்தது. ஆனால் அவள் இந்த சபதத்தை ஒவ்வொரு புது வருஷத்துக்கும் கேட்டவள். கேட்டுக் கேட்டு, இப்போது சொன்னால் ரேஷன் கடை பூட்டியிருக்கிறது என்று சொன்ன மாதிரி ஒரு முகம் காட்டுவாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அதனால், "பொண்ணு இருக்கா மேடம்" என்று சொல்லிவிட்டான். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை. அது பொறுப்பை அப்படியே தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. சிகரெட் நினைப்பு வந்தால் மெல்வதற்கு என்று இஞ்சியைத் துண்டு துண்டாக நறுக்கி டப்பாவில் போட்டு டூல் பையில் வைக்கிறாள். அவன் செருப்பை மாட்டினால் அவளும் மாட்டுகிறாள். "எங்கப்பா?" "சும்மா." "நானும் சும்மா வரேன்." இருட்டிய தெருவில் அப்பனும் மகளுமாகச் சும்மா நடந்துவிட்டு வருவார்கள், டீக்கடை வரும்போது மட்டும் அவள் அந்தப் பக்கமாக வந்துவிடுவாள், மறைக்கிறாளாம். சிரிப்பு வரும், அழுகை வரும்.

அந்தப் பிள்ளைதான் இப்போது சுவரோரமாக நின்று பார்க்கிறது. அவன் இழுத்ததைப் பார்த்ததா? பார்க்காமல் எங்கே போகும், கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேதானே நின்றது. அதன் முகத்தில் கோபம் இருந்தால் தேவலை. இல்லை. கவலையாக இருந்தது. அவன் பார்வையை இறக்கிக்கொண்டான். அப்போதுதான் வாசனை வந்தது. கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற சந்து வழியாக, குழம்பு வாசனையையும் கற்பூர வாசனையையும் ஒதுக்கிக்கொண்டு அது மட்டும் தனியாக வந்தது. கால் விரல்கள் தானாகச் சுருண்டன. வாயில் எச்சில் ஊறியது. விழுங்கினான், மறுபடி ஊறியது. தள்ளிப் போடு. ஏறும், இறங்கிடும். எங்கே இறங்குகிறது, ஏறிக்கொண்டே இருக்கிறது. பிடித்துக்கொண்டிருக்கிறார் போல அப்பா. அவர் பிடிக்கிறபோது வீட்டுக்குள் இப்படித்தான் முதலில் வாசனை வரும், பின்னால் இருமல் வரும், அதற்கும் பின்னால்தான் ஆள் வருவார். கன்னியப்பன் என்றால் சந்தில் யாருக்கும் தெரியாது, இருமுகிறவர் என்றால் வீட்டைக் காட்டுவார்கள். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை. குடி கிடையாது, வெற்றிலை பாக்கு கிடையாது, சினிமா கிடையாது. தட்டில் எதைப் போட்டாலும் சாப்பிடுவார், உப்பு இல்லை என்றும் சொல்ல மாட்டார், நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டார். அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான். கடைசியில் மூக்கில் குழாயை மாட்டிப் படுக்கப் போட்டிருந்தபோது பேச்சு வரவில்லை. இரண்டு விரலை உதட்டில் வைத்து வைத்துக் காட்டினார். அம்மாவுக்கும் புரிந்தது, அவனுக்கும் புரிந்தது. பக்கத்தில் ஆக்ஸிஜன் இருக்கிறது, எப்படிக் கொடுப்பது? தண்ணீர் கேட்கிறார் என்று நர்ஸ் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். அவர் அதைத் துப்பிவிட்டு அவனைப் பார்த்தார். மறுநாள் இல்லை. அவரை எரித்துவிட்டு வெளியே வந்ததும் தணிகாசலம் செய்த முதல் வேலை ஒரு சிகரெட்டைப் பத்தவைத்ததுதான். அவருக்கும் சேர்த்துப் பிடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டான். நினைப்பு எதற்கு வேண்டுமானாலும் ஒரு காரணம் கொண்டுவந்துவிடும்.

அப்பா தீப்பெட்டி வைத்துக்கொள்ள மாட்டார். "தணிகா, அடுப்புல பத்த வெச்சுட்டு வா" என்று ஒன்றை எடுத்து நீட்டுவார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே. அடுப்பங்கரைக்கும் அவர் உட்காருகிற இடத்துக்கும் நடுவில் நடை. இந்த நடைதான். அடுப்பில் நுனியைக் காட்டிவிட்டு இந்த நடையைத் தாண்டுவதற்குள் அணைந்துவிடும், திட்டு விழும், திரும்ப ஓட வேண்டும். ஒருநாள் அணையாமல் இருக்க உதட்டில் வைத்து இழுத்துக்கொண்டே வந்தான். இருமிக்கொண்டே கொடுத்தான். அப்பா வாங்கிப் பார்த்தார், நன்றாகப் பற்றியிருந்தது, "இப்பத்தான்டா சரியாப் பத்த வெச்சிருக்கே" என்றார். அவர் வாயால் அவனைப் பாராட்டியது அது ஒன்றுதான் நினைவிருக்கிறது. அதற்கப்புறம் திட்டு விழவே இல்லை. அடுப்பிலிருந்து இங்கே வருவதற்குள் எத்தனை இழுப்பு இழுக்கலாம் என்பதுதான் பேச்சு. ஒரு இழுப்பு, ஒரு இழுப்பு என்று இந்த நடையிலேயே எல்லாம் நடந்திருக்கிறது, இதே சிமெண்டுத் தரை, இதே பெயர்ந்த சுவர். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பத்தவைக்கச் சொன்னார், அவ்வளவுதான். யார் பத்தவைப்பது என்று யோசித்ததே இல்லை. யார் பத்தவைப்பது. சற்று முன்னால் மனசு தடுக்கி நின்ற இடம் இதுதான் என்று இப்போது தெரிந்தது, திரும்பிக்கொள்ள முடியவில்லை. அப்பாவுக்கு நான் பத்தவைத்தேன். எனக்கு? கதவுக்கு அந்தப் பக்கம் இலையும் சிகரெட்டும் எனக்காக வைத்திருக்கிற அன்றைக்கு, வீட்டில் அந்த வேலை தெரிந்த வாய் எது? ஆண்பிள்ளை இல்லை. ஒரே பிள்ளை. பாட்டி சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்கிற பிள்ளை, பொறுப்பான பிள்ளை. அப்பாவுக்குப் பிடித்தது இது ஒன்றுதான் என்று சொன்னால், வாயில் வைத்துப் பத்தவைக்காமலா இருக்கும்? சாவது பற்றி இத்தனை நாளாகப் பயந்தது ஒன்றுமில்லை, அது ஒரு மூச்சு முட்டல், அதோடு சரி. இது செத்த பிறகும் விடாது போலிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தான். கலைமதி அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள்.

அம்மா கண்ணைத் திறந்து, போதும் என்று கையைக் காட்டினாள். மூன்று தரம் தட்டிவிட்டுக் கொண்டியைத் தள்ளி உள்ளே போனான். ஜன்னலும் சாத்தியிருந்ததால் அறை இருட்டாக, புகை கலையாமல் நின்றது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிண்ணத்தின் விளிம்பில் சிகரெட் அணைந்து கிடந்தது. நுனியில் கொஞ்சம் சாம்பல், மிச்சம் முழுசு. முழுசு என்று நெஞ்சு குதித்தது, வெட்கமில்லாமல். அம்மா நாற்காலியைவிட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வர இன்னும் கொஞ்ச நேரமாகும். அவள் எழாமல் மற்ற இரண்டு பேரும் உள்ளே வர மாட்டார்கள். தீப்பெட்டி அங்கேயே இருக்கிறது. நாலு இழுப்பு இழுத்துவிட்டு வைத்துவிட்டால், அப்பா பிடித்துவிட்டார் என்று அம்மாவுக்கு நிம்மதி. யாருக்கு நஷ்டம்? தப்பென்றுகூட இதைச் சொல்ல முடியாது, அம்மாவுக்காகச் செய்கிறது. நடையில் இப்போதுதான் அத்தனை பயந்தான், அந்த வேர்வைகூடக் காயவில்லை, கை அதற்குள் சிகரெட்டை எடுத்துவிட்டது. ஆணியில் தொங்குகிற சட்டை, பையில் சூயிங்கத்தோடு, கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை நீ எடுக்கவில்லையே என்று ஒரு குரல் கேட்டது, மெர்சி மேடம் குரல் மாதிரியும் இருந்தது, அவன் குரல் மாதிரியும் இருந்தது. அதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள்.

"புடிச்சாரா?" என்றாள் அம்மா. "அணைஞ்சு போச்சும்மா." அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. இலையைப் பார்க்கவில்லை, அவன் கையில் இருந்ததைத்தான் பார்த்தாள். "அன்னிக்குக் கேட்டாருடா. வெரல வெச்சு வெச்சுக் காட்டினாரு. நாம குடுக்கல. வருஷத்துக்கு ஒண்ணு, இதாவது முழுசாப் புடிக்கட்டும். இன்னொரு தரம் பத்த வை." மஞ்சுளா மெதுவாக, "அத்தே, அவரு விட்டிருக்காரு இப்ப" என்றாள். அவள் அதைக் கவனித்து வைத்திருக்கிறாள் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. "அவன் புடிக்க வேணாம், பத்த வெச்சாப் போதும்" என்றாள் அம்மா. அவன் சிகரெட்டை விரலில் உருட்டினான். வேண்டாம் என்று சொல்ல வேண்டும், ஆனால் அம்மா பாவம், அப்பா பாவம், எல்லாரும் பாவம். அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்த கலைமதி பக்கத்தில் வந்து சிகரெட்டைப் பூப்போல எடுத்துக்கொண்டாள். "நீ தொடாதப்பா. மேடம்கிட்ட என்னைத்தானே துணைன்னு சொல்லியிருக்கே. தாத்தாவுக்கு நான் பத்த வெக்கிறேன்" என்றாள். சொல்லிக்கொண்டே உதட்டில் வைத்துவிட்டாள். அது ஒழுங்காக, வாயின் ஓரத்தில், கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தது. அப்பா வைத்துக்கொள்கிற மாதிரி, அவன் வைத்துக்கொள்கிற மாதிரி. யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. குச்சியை உரசிக் கையைக் குவித்துத் தீயைக் கிட்டே கொண்டுபோனாள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நல்ல காரியம் செய்கிற முகத்தோடு. அவன் பிடுங்கினான். எப்படிப் பிடுங்கினான் என்று தெரியாது, அவள் உதட்டில் நகம்கூடப் பட்டிருக்கும். பிடுங்கி அப்பாவின் தம்ளரில் போட்டு, விரலால் அடிவரைக்கும் அமுக்கினான். தீக்குச்சி தரையில் விழுந்து அணைந்தது. "அவருக்கு இனிமே வேணாம்" என்றான். சத்தமாகத்தான் சொன்னான். அப்பா கேட்டு இரண்டாம் முறையும் இல்லை என்று சொல்லியாயிற்று, அவர் அந்தப் பார்வையோடு இங்கேதான் எங்கோ இருக்கிறார்.

அம்மா கத்துவாள் என்று நினைத்தான். அவள் இலைக்குப் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்து, தம்ளரைக் கையில் எடுத்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். காகிதம் பிரிந்து, தூள் வெளியே வந்து, தண்ணீர் பழுப்பாகிக்கொண்டிருந்தது. கலைமதி உதட்டைத் தடவிக்கொண்டு, என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் விழித்தாள். "அப்ப வேற என்னத்தடா வெக்கிறது அவருக்கு?" என்றாள் அம்மா. சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். தணிகாசலம் யோசித்தான். வஞ்சிரம் அம்மாவுக்குப் பிடித்தது, அவள்தான் வாங்கச் சொன்னாள். முட்டை சும்மா வைப்பது. மஞ்சுளா, "வடை" என்று ஆரம்பித்தாள். "வடை கலைக்குப் புடிக்கும்" என்றாள் அம்மா. ஒரு மனுஷன் அத்தனை காலம் இந்த வீட்டில் இருந்துவிட்டுப் போயிருக்கிறான், அவனுக்கு வைக்க ஒரு பொருள் இல்லை. கலைமதி அவனைத் திரும்பிப் பார்த்தாள், ஏதோ கேட்கப் போகிற மாதிரி வாயைத் திறந்து, கேட்காமல் மூடிக்கொண்டாள். உனக்கு என்னப்பா பிடிக்கும் என்றுதான் அவள் கேட்க வந்தாள், அது அவனுக்குத் தெரிந்துவிட்டது. படையல் முடிந்தாயிற்று, இனி விரதம் இல்லை. ஆணியிலிருந்து சட்டையை எடுத்து, சூயிங்கம் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டு மெதுவாக மென்றான். காரம் ஏறியது. கன்னத்தில் ஒதுக்கினான். சாயங்காலம் மெர்சி மேடம் கூப்பிட்டால் அந்த ஒரு இழுப்பை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அடுத்த வருஷத்துக்குள் அப்பாவுக்குப் பிடித்தது வேறு ஏதாவது இருந்ததா என்று கண்டுபிடிக்க வேண்டும், தனக்கும் ஒன்று வேண்டும்.